வாயில் வராத பெயர்

வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. ராசிபுரத்தில் எங்கள் கடைக்குப் பின்கட்டில், பெரிய உருளியில் நுரை அடங்கி, அடியில் பொன்னிறம் தெளியத் தொடங்கும் நேரம். அப்போது ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை உள்ளே போடவேண்டும். அது சடசடவென்று பொரிந்தால்தான் நெய்க்கு மணம் ஏறும். நான் வலக்கையை நீட்டி, "அதைக் குடு" என்றேன்.

எதை என்று மகன் செல்லமுத்து கேட்டான்.

எனக்குத் தெரியும். அதன் இலை, காம்பு, மரத்தில் அப்பியிருக்கும் கம்பளிப்பூச்சி, காற்றடித்தால் சட்டென்று ஒடியும் கிளை, எல்லாம் தெரியும். பெயர் மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு வெறுமை, பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுகிற மாதிரி. நான் தடவிக்கொண்டே நின்றேன். நெய் சிவந்தது, கருகியது. நீட்டிய கை தானாகக் கீழே தொங்கிற்று. உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது என்று பிறகு சொன்னார்கள்.

எனக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. ஊர் ஊராகப் போய் வெண்ணெய் வாங்கிச் சேர்த்த ஆள் நான். நாமகிரிப்பேட்டைப் பக்கம் எந்த ஊரில் எந்த எருமைக்குப் பால் வற்றியது என்பது வரைக்கும் மனத்தில் இருக்கும். உட்காரத் தெரியாதவன் என்பது வீட்டில் என் பட்டப்பெயர்.

சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். உலகச் சண்டை நடந்த காலம், பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ், ஏற்றம் வந்த இடமெல்லாம் நின்று மூச்சு வாங்கிற்று. நானும் அப்படித்தான் இருந்தேன்.

டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். பிளட் பிரஷர் (இரத்தம் குழாய்ச் சுவரை மோதும் விசை) வெகுநாளாகவே ஏறிக் கிடந்திருக்கிறதாம். வந்தது பக்கவாதம் (மூளைக்குப் போகும் குழாய் அடைத்து ஒரு பக்கம் செயலற்றுப் போவது) என்றார். கைகால் தேறும், சொற்களைத்தான் பார்க்கவேண்டும் என்று சொல்லிக் கேள்விகளை ஆரம்பித்தார்.

என்ன கிழமை என்றார். திணறிச் சொன்னேன். மகன் பெயரைக் கேட்டார். வந்தது. சாவியைக் காட்டினார். வரவில்லை, திருகிக் காட்டினேன். பிறகு, "வீட்டம்மா பேரு?" என்றார்.

அவள் பக்கத்தில்தான் நின்றாள். அவளைப் பார்த்தேன். முப்பது வருஷமாகப் பார்த்த முகம். கீழே குனிந்துகொண்டேன்.

மோகனூரிலிருந்து வந்திருந்த என் மைத்துனர், அவளுடைய அண்ணன், சிரித்துவிட்டார். "ஏனுங்க டாக்டரு, அவளையே எதுக்க நிறுத்தி வெச்சுப்போட்டுக் கேட்டா எங்க மாப்ளை எப்படிங்க சொல்லுவாரு?"

டாக்டரும் சிரித்தார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்வதில்லை என்பது ஊரறிந்த விஷயம். புருஷனும் நாலு பேர் எதிரில் அவள் பெயரைச் சொல்லமாட்டான். "இந்தா", "ஏ புள்ளை", "உள்ளே யாரு" என்றே காலம் போய்விடும். அந்த வழக்கம் என்னைக் காப்பாற்றிவிட்டது என்று அப்போது நினைத்தேன். உண்மையில் அது என்னை உள்ளே வைத்துச் சாத்திவிட்டது. என் மூளையின் எந்த இடம் போயிற்று என்று காட்டியிருக்கவேண்டிய கேள்வி அதுதான். எல்லோரும் அதை வெட்கம் என்று எண்ணிக்கொண்டார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். மறதி முற்றி, பெற்ற பிள்ளைகளையே யார் என்று கேட்கத் தொடங்கியதும் அவரை மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் விட்டு வெளியே தாழ் போட்டார்கள். கெட்டவர்கள் இல்லை அவர்கள்; வேளாவேளைக்குச் சோறு போயிற்று. கட்டின பெண்டாட்டியின் பெயர் தெரியாது என்று நான் வாய் திறந்தால் அந்த அறைதான் எனக்கும். அதனால் கள்ளன்போல் அந்தப் பெயரைத் தேட ஆரம்பித்தேன்.

சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. முருங்கை வந்தது, சாவி வந்தது, ஊர்ப் பெயர்கள் வந்தன. அவள் பெயர் வரவில்லை. யாராவது அதைச் சொல்வார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். மகனுக்கு அவள் அம்மா. மருமகளுக்கு அத்தை. பால் ஊற்றுகிறவள் "ஏனுங்கக்கா" என்றாள். எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயரே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஜாதகத்தை எடுத்துப் பார்க்கலாமென்றால் எழுத்துகள் எனக்கு எறும்பு ஊர்வதுபோல் இருந்தன.

என்னைப் பார்க்க மைத்துனர் மறுபடி வந்தபோது மெல்லத் தூண்டில் போட்டேன். சின்ன வயதில் இவளை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று.

"அம்மிணின்னுதான். வேறெப்படிங்க மாப்ளை?" என்றார். எங்கள் சீமையில் தங்கையையும் மகளையும் எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அவள் முகத்தைப் பார்ப்பது வரவரக் கஷ்டமாயிற்று. பார்த்தால் பெயர் இருந்த அந்தப் பள்ளம்தான் தெரியும். அவள் கஞ்சி கொண்டுவந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் எழுந்து, காலை இழுத்துக்கொண்டு, பஸ் நிற்கும் இடம்வரை போய்விட்டேன். எங்கே போவதாக இருந்தேன் என்று கேட்டார்கள். அவளை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஓர் ஊருக்கு, என்று எப்படிச் சொல்வது? அன்றிலிருந்து செல்லமுத்து கடைக்குப் போகும்போது அறைக்கு வெளியே தாழ் போட்டான். "கோவிச்சுக்காதீங்கப்பா, கொஞ்ச நாளைக்குத்தான்" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். எதற்குப் பயந்து வாயை மூடினேனோ, மூடியதாலேயே அது வந்துவிட்டது.

அடைபட்டவனுக்குக் காலம் நகர்வதில்லை. அது அறைக்குள் வந்து நம்மோடு உட்கார்ந்துகொள்கிறது. கூரை இடுக்கில் விழும் வெயில் சுவரில் இறங்கும், தரையில் ஊரும், போய்விடும். மறுநாள் அதே வெயில். வந்திருந்த சொற்களும் ஒவ்வொன்றாக உதிர்வது தெரிந்தது. பேச ஆளில்லாத வாயில் சொல் தங்காது. என்னைப்போல் வீட்டோடு கிடப்பவர்களும், அவர்களை வைத்திருப்பவர்களும் இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நடுப்பகலில் அவள் கதவுக்கு வெளியே உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கல்லில் கொட்டை தட்டும் ஓசை கேட்டது. முகம் தெரியவில்லை. நடுவில் பலகை. அந்தத் தைரியத்தில் கதவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இந்தா."

"சொல்லுங்க."

"உம் பேரு என்ன?"

தட்டும் ஓசை நின்றது. தெருவில் யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். பிறகு அவள் குரல் வந்தது, மெதுவாக.

"எம் பேரு உங்க வாயில எப்பங்க வந்துது, இப்ப மறந்துபோறதுக்கு?"

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பலகை வழியே தெரியவில்லை.

"இதுக்காங்க இத்தனை நாளா மொகத்தைத் திருப்பிக்கிட்டுக் கெடந்தீங்க? எம்மேல என்ன கோவமோ, என்ன குத்தம் பண்ணீட்டனோன்னு நான் சோறு தண்ணி எறங்காமக் கெடக்கறேன்."

தன் நோயைப் பற்றியே நினைத்துக் கிடப்பவனுக்கு அடுத்தவர் இளைப்பது தெரிவதில்லை. எனக்குத் தெரியவில்லை. அவள் கதவோடு வாயை வைத்துத் தன் பெயரைச் சொன்னாள். புதுப்பெண் சொல்வதுபோல் சொன்னாள். நான் திருப்பிச் சொன்னேன். தப்பாகச் சொன்னேன். திருத்தினாள். மறுபடி சொன்னேன். அப்புறம்தான் தாழ் விலகிற்று.

அடுத்த முறை சேலத்துக்குப் போனபோது டாக்டரிடம் அவளே சொன்னாள்: "அன்னைக்கு அவரு வெக்கப்படலைங்க. அவருக்குத் தெரியலைங்க." டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு சொன்னார். மூளையில் போன இடம் போனதுதான். பக்கத்து இடம் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும். ஆனால் நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். அடைத்து வைக்காதீர்கள், நடக்க விடுங்கள், நாலு பேரோடு பேச விடுங்கள், வராத சொல்லைப் பிடுங்கிக் கொடுக்காமல் கொஞ்சம் காத்திருங்கள். உப்பைக் குறைத்தார். புகையிலையை விடச் சொன்னார். தூங்கச் சொன்னார். செல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். இப்போது தாழ் போடுவதில்லை; நான் தெருவில் இறங்கினால் பத்தடி பின்னால் அவன் வருகிறான். திரும்பிப் பார்த்தால் வேறெங்கோ பார்க்கிறான். அதுவும் ஒரு தாழ்தான். பொறுத்துக்கொள்கிறேன்.

எனக்கு முழுக்கத் தேறவில்லை. வலது கால் இரவல் வாங்கிய கால் போலிருக்கிறது. ஓரடி வைத்துவிட்டு அது வந்து சேரும்வரை நிற்கிறேன். பஸ் வருவதற்கு முன்பே ரோட்டில் நின்ற நான் இப்போது ஒரு சொல்லுக்காக, வாசலில் விருந்தாளியை எதிர்பார்த்து நிற்பதுபோல், நிற்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். நாள் என்பது முன்னே ஓடுவதாக இருந்தது. இப்போது ஒவ்வொரு விடியலும் முதலிலிருந்து தொடங்குகிறது. சில விடியல்களில் அவள் பெயர் இருப்பதில்லை. கேட்கிறேன். அலுக்காமல் சொல்கிறாள், சில நாள் அலுத்துக்கொண்டும் சொல்கிறாள்.

எழுத்தும் மெல்லத் திரும்பியதால் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்; அந்தப் பெயரை மட்டும் எழுதவில்லை. மறந்ததால் அல்ல. "ஊட்டுக்குள்ள எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுங்க, அச்சுல வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டாள்.

இன்று காலையில் அது இருந்தது. இந்தக் கடைசி வரி வரைக்கும் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். எழுந்து போய், அவள் காதில் விழும்படி ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கவேண்டும்.