அரக்கு கலர் ரெசிஸ்டர்

தேனி கூரியர் ஆபீசில் பார்சலை வாங்கிக்கொண்டு கூடலூர் பஸ்ஸில் ஏறியவள், வீடு போய்ச் சேரும்வரை பொறுக்கமாட்டாமல் பிரித்துவிட்டேன். நாமே காலிங் பெல் செய்துகொள்ளும் கிட்.

உள்ளே அரிசி அளவு ரெசிஸ்டர்கள். மேலே சுற்றியிருக்கும் கோடுகளின் நிறத்தை வைத்துத்தான் எது எத்தனை ஓம் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றில் மூன்றாவது கோடு சிவப்பா பிரவுனா என்று தெரியவில்லை. தப்பாக எடுத்தால் பத்து மடங்கு வித்தியாசம்.

பக்கத்து சீட்டில் துணிக்கடைப் பையோடு ஓர் அக்கா. அவரிடம் நீட்டினேன்.

“மஞ்ச, கத்திரிப்பூ, அரக்கு,” என்றார்.

“கடைசி சிவப்பாக்கா, பிரவுனாக்கா?”

“ரெண்டுமில்ல. அரக்குன்னா அரக்குதான். இந்தா பாரு.”

பையிலிருந்து புதுச்சேலையை உருவி, அதன் கரையில் ரெசிஸ்டரை வைத்துக் காட்டினார். அச்சு அசல் அதே நிறம்.

மகளுக்கு எடுத்த சேலையாம். சின்னமனூர் வரைக்கும் மகள் கதை. பிறகுதான் கேட்டார்.

“ஆமா, இது என்னத்துக்குத்தா?”

“காலிங் பெல்லுக்கு.”

“வீட்டுக்கு ஆளுக நெறைய வருவாகளோ?”

“எப்பவாவது,” என்றேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

உத்தமபாளையத்தில் அவர் இறங்கிவிட்டார். மீதி தூரம் அந்த சீட்டில் யாரும் உட்காரவில்லை.

அரக்கு எத்தனை ஓம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

‘வைத்ததும் அளவைக் காட்டுமே, ஒரு மல்டிமீட்டர் வாங்கக்கூடாதா?’ என்று கமெண்ட் போடப் போகிறவர்களுக்கு: அது என் மடியிலிருந்த பைக்குள்தான் இருந்தது.