ஏலகிரியில் கஜாவோடு ஒரு வாரம்

கஜா போய்விட்டான்.

நேற்று மதியம். எண்ணூர் யார்டில், வேலை நேரத்தில். ஹார்ட் அட்டாக். ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம்... பிரயோஜனம் இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் கிரேன் ஆபரேட்டர், அவன் சிக்னல்மேன். உயரத்தில் கேபினில் நான், தரையில் அவன். அவன் கையைக் காட்டினால்தான் நான் கன்டெய்னரைத் தூக்குவேன், இறக்குவேன். பத்து வருஷமாக இதுதான் எங்கள் பிழைப்பு.

இந்த போட்டோ போன மே மாதம் ஏலகிரியில் எடுத்தது. என் தோளில் கை போட்டுக்கொண்டு பல்லைக் காட்டுகிறானே, அவன்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே மட்டத்தில் நிற்கிற போட்டோ என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது.

அப்போது கிரேன் பழுதாகி, பார்ட்ஸ் வர ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். இருவருக்கும் சேர்ந்தாற்போல லீவு கிடைத்தது அதுதான் முதல் தடவை. "வூட்ல குந்திகினு இன்னா பண்ணப் போற மாமு, மலைக்குப் போலாம் வா" என்று இரண்டு குடும்பத்தையும் கிளப்பிவிட்டான்.

மலைமேல் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். முதல் நாள் எல்லோரும் நடந்தோம். மறுநாள் அவன் மனைவி அமுலு கறாராகச் சொல்லிவிட்டாள். "தெனம் மூணு மாடி தண்ணி தூக்குற காலுய்யா இது. நீங்க ரெண்டு பேரும் சுத்திகினு வாங்க, நாங்க இங்கயே கீறோம்." என் வீட்டிலும் அதே பாட்டுதான்.

அப்புறம் தினமும் நாங்கள் இருவர் மட்டும்தான். டப்பாவில் எலுமிச்சை சாதம், பாட்டிலில் தண்ணீர். காலையில் ஏறினால் சாயங்காலம் இறங்குவோம். ஒவ்வொரு நாளும் வேறு வேறு பாதை...

அவனோடு நடப்பது பெரிய ரோதனை. வருஷக்கணக்காக அண்ணாந்து பார்த்தே வேலை செய்த கழுத்து அது. மலையிலும் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் நடப்பான். கல் தடுக்கும், வேர் தடுக்கும். நானோ தரையைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டேன்.

"கல்லு... பள்ளம்..." என்று நான் சொல்லிக்கொண்டே வருவேன். "கொரங்கு... பலாப்பழம்..." என்று அவன் சொல்லிக்கொண்டே வருவான். வழி முழுக்க இதேதான்.

சரிவில் எனக்குக் கால் நடுங்கும். அவனுக்கு அது போதும். "இன்னா மாமு, தெனம் அம்மாம் ஒசரத்துல குந்திகினு கீற, இங்க வந்து ஒதறுது?"

அங்கே சீட் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, இங்கே என்னடா இருக்கிறது என்று திட்டினேன்.

"நா கீறேன்ல" என்று கையை நீட்டினான்.

லீவிலும் கழுத்தில் விசில் தொங்கும். வீடு கண்ணுக்குத் தெரிகிற பாறை வந்ததும் ஒரு ஊது ஊதுவான். கீழே இருந்து அமுலு தட்டைத் தட்டுவாள். "கறி எடுத்துகினு வரச் சொல்றா மாமு" என்று அதற்கு எனக்கு அர்த்தம் வேறு சொல்வான். அவள் என்ன சொன்னாளோ, யாருக்குத் தெரியும்.

ஒரு நாள் உச்சியில் உட்கார்ந்திருந்தோம். கீழே ஜோலார்பேட்டை பக்கம் ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்தான். என் கேபினுக்கு அவன் ஒரு தடவைகூட ஏறி வந்ததில்லை.

"ஒனக்கு தெனம் இப்டித்தான் தெரியுமா எல்லாம்?"

ஆமாம் என்றேன்.

"நல்லாத்தான் கீது... ஆனா யாராண்டயும் பேச முடியாதே. பாவம் மாமு நீ."

நேற்று கன்டெய்னர் பாதி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கஜா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான். பிறகு சாய்ந்தான்.

லோடைத் தொங்கவிட்டு நான் இறங்க முடியாது, சிக்னல் இல்லாமல் லோடை இறக்கவும் முடியாது. நேர் கீழே லாரி, உள்ளே டிரைவர். போன் தரையில் லாக்கரில் இருக்கிறது. வாக்கி டாக்கியில் கத்தினேன். அது கஜாவின் இடுப்பில் இருக்கும் செட்டுக்குத்தான் போகும்...

ஹார்ன் அடித்தேன். விடாமல் அடித்தேன். யார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

கிரேனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். அவனை ஒருத்தரும் பார்க்கவில்லை. கீழே பாருங்கடா, கீழே பாருங்கடா என்று கண்ணாடிக்குள் கையை ஆட்டிக் கதறினேன். அவர்கள் கிரேனை விட்டு விலகி ஓடினார்கள். அவனை விட்டு விலகி ஓடினார்கள்.

லாரி நகர்ந்து, லோடை இறக்கி, ஏணியில் இறங்கி... நான் போய்ச் சேர்ந்தபோது கண் திறந்துதான் இருந்தது. கையைப் பிடித்தேன். அவன் பிடிக்கவில்லை.

இப்போது ராயபுரத்தில் அவன் வீட்டு வாசலில் நின்றுதான் இதை டைப் செய்கிறேன். துக்கத்துக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அமுலு என்னைக் காட்டிச் சொல்கிறாள். "தனியா போவல அவுரு. அண்ணன் கூடவேதான் இருந்தாரு. அண்ணன் பாத்துகினேதான் இருந்தாரு."

அதைச் சொல்லும்போது மட்டும் அவள் அழுகை நிற்கிறது. நான் தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சாயங்காலம் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு எடுக்கிறோம். அவனைத் தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள்.

கஜா... நான் கூட இல்லடா. மேலே இருந்தேன்.