காராச்சேவுப் பெட்டி

பஸ் பிரேக் பிடித்தால் எல்லோரும் முன்னால் சாய்வார்கள். நான் சாய்வதில்லை. டிரைவர் பிரேக்கை நினைப்பதற்கு முன்பே என் இரண்டு கால்களும் தரையைப் பிடித்துக்கொண்டுவிடும். பக்கத்து இருக்கைக்காரர்கள் கேட்டதுண்டு, என்னம்மா, வண்டிய நீங்களா ஓட்டுறீங்க என்று. சிரித்துவைப்பேன். கால்கள் சிரிப்பதில்லை. அவை இன்னும் விருதுநகரிலிருந்து காரியாபட்டிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

அப்போது ஐந்தாம் வகுப்பு. காலாண்டு லீவுக்கு ஏழாயிரம்பண்ணையில் இருந்த மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவின் தம்பி. பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிற வேலை. அம்மாவும் கல்யாணத்துக்கு முன் அதே கம்பெனிக்கு வேனில் போய்வந்தவள்தான். தீபாவளி சீசன் என்பதால் மாமா இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார், உடம்பெல்லாம் மருந்துத்தூள் ஒட்டிச் சாம்பல் நிறத்தில் மினுமினுத்துக்கொண்டு. கம்பெனியில் எந்தப் பெட்டியையும் தரையோடு இழுக்கக் கூடாதாம், தூக்கித்தான் வைக்க வேண்டுமாம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்திருந்தது. நான் முக்காலியை ஒரு சாண் இழுத்தால் போதும், அடுத்த அறையிலிருந்து குரல் வரும். "இழுக்காத தாயி, தூக்கு!"

"இழுத்தா என்ன மாமா?"

"உரசுனா பொறி. பொறி பறந்துச்சுன்னா நீயும் இல்ல, நானும் இல்ல." சொல்லிவிட்டுச் சிரிப்பார். அவர் எதையும் சிரிக்காமல் சொன்னதில்லை என்பதால், எதைப் பயந்து கேட்க வேண்டும், எதைச் சிரித்துக் கேட்க வேண்டும் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எல்லாவற்றையும் பயந்தே கேட்டேன்.

பள்ளிக்கூடத்திலும் அந்தப் பருவத்தில்தான் உராய்வுப் பாடம் நடந்திருந்தது. டீச்சர் எங்கள் உள்ளங்கைகளைத் தேய்க்கச் சொல்லிக் கன்னத்தில் வைக்கச் சொன்னார். சுட்டது. ஒரு செங்கல்லை மேசைமேல் இழுத்துக் காட்டினார், பிறகு அதன்மேல் இன்னொரு செங்கல்லை ஏற்றி இழுத்துக் காட்டினார். கனம் கூடினால் உராய்வும் கூடும் என்றார். உராய்வு இல்லாவிட்டால் நம்மால் நடக்கக்கூட முடியாது என்றும் சொன்னார். அந்த நல்ல செய்தி எனக்கு மறந்துவிட்டது. சுட்டது மட்டும் நினைவிருந்தது.

லீவு முடிந்தது. என்னை ஊரில் விட மாமாவே கிளம்பினார். கையில் ஓர் அட்டைப் பெட்டி, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டியது. உள்ளே எனக்காக அவர் எடுத்த வெடிகள். விருதுநகர் வரை கம்பெனி வேன், தெரிந்த டிரைவர், கவலை இல்லை. அதற்கப்புறம் பஸ். பஸ்ஸில் பட்டாசு ஏற்றக் கூடாது. மாமா பஸ் ஸ்டாண்டில் கால் கிலோ காராச்சேவு வாங்கி, பொட்டலத்தைப் பெட்டியின் தலையில் வைத்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து எல்லாவற்றையும் மூடினார். எண்ணெய் வாசம் கும்மென்று எழுந்தது.

"யாரு கேட்டாலும் காராச்சேவு. என்ன?"

"காராச்சேவு."

"அம்புட்டுதான். பச்சப்பிள்ள காலடியில எவனும் கைய விட்டுத் துழாவ மாட்டான். மருமக, பெட்டிய நகர விட்டுராத. நான் பின்னாடி இருக்கேன். திரும்பித் திரும்பிப் பாக்கப்பிடாது."

ஜன்னலோர இருக்கை. பெட்டி என் காலடியில். மாமா பின்னால் போய்விட்டார்.

பஸ் கிளம்பியது. கிளம்பிய உடனே பெட்டி பின்னால் வந்து என் கணுக்காலை முட்டியது. யாரும் தள்ளவில்லை. பஸ் போகலாம் என்கிறது, பெட்டி நான் வரவில்லை என்கிறது. சரி என்று காலால் அணைத்துக்கொண்டேன். அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றது, இப்போது பெட்டி, நீ நின்றால் என்ன, நான் போகிறேன் என்று முன் இருக்கையின் அடியை நோக்கிக் கிளம்பியது. இப்படி ஒரு பிடிவாதத்தை நான் மனிதர்களிடம்தான் பார்த்திருந்தேன். பஸ் இடது பக்கம் வளைந்தால் பெட்டிக்கு வலது பக்கம் வேண்டும். வலது பக்கம் வளைந்தால் இடது. ஒவ்வொரு முறையும் அடியில் ஒரு சத்தம். கர்ர். தகரத் தரை, அதன்மேல் ஊரெல்லாம் நடந்து வந்த கால்களின் மண். தீப்பெட்டியின் பக்கவாட்டை விரலால் தடவினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்தத் தரை. உரசுனா பொறி. நீயும் இல்ல, நானும் இல்ல.

செருப்பைக் கழற்றி, இரண்டையும் பெட்டியின் முன் விளிம்புக்கு அடியில் செருகினேன். ரப்பர் பிடித்தது. கொஞ்ச தூரம் மூச்சு விட்டேன். ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட, ஒரு செருப்பு எங்கோ போய்விட்டது. பிறகு வெறும் கால்தான். இரண்டு பாதங்களையும் பெட்டியின் தலைமேல் வைத்து அழுத்தினேன். அழுத்தினால் நகரவில்லை. ஆனால் அழுத்தினால் கனம் கூடும், கனம் கூடினால் உராய்வு கூடும் என்று டீச்சரின் இரண்டாவது செங்கல் வந்து என் நெஞ்சின்மேல் உட்கார்ந்தது. அழுத்தாவிட்டால் பெட்டி ஓடும். அழுத்தியும் ஓடிவிட்டால் இன்னும் பலமாகத் தேய்க்கும். எது சரி? யாரைக் கேட்பது? திரும்பிப் பார்க்கக் கூடாது. அழுத்தினேன், விட்டேன், மறுபடி அழுத்தினேன். கடைசியில் பாதங்களை இறக்கி, குதிகாலைத் தகரத்தின் புடைப்புகளில் ஊன்றி, விரல்களால் பெட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். கால் எரிந்தது. எரியட்டும், பெட்டி எரியாமல் இருந்தால் சரி.

பக்கத்தில் ஒரு பெரியவர், நல்ல மனிதர். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாப்பா, ஒண்ணுக்கு வருதா?"

"இல்ல தாத்தா."

"பெறகு எதுக்குக் கால இப்பிடி முறுக்குற? பெட்டியில என்ன?"

"காராச்சேவு."

"அட, சேவு நொறுங்கிப்போகும்னா இந்தப் பாடு!" அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நொறுங்குனா என்னடா, தூளுதான ருசி. கொஞ்சம் கண்ணசரு. நான் பிடிச்சுக்கிடுதேன்." தன் பெரிய பாதத்தை நீட்டிப் பெட்டிக்கு அணை கொடுத்தார். அந்தப் பாதத்தின்மேல் எனக்கு வந்த நன்றி கொஞ்ச நஞ்சமல்ல. பெட்டி இப்போது அசையவே இல்லை.

பிறகு அவர் வேட்டி மடிப்பிலிருந்து பீடியை எடுத்தார். தீப்பெட்டியை எடுத்தார். கிழித்தார். ஒரு விரல்கடை தூரம்கூட இருக்காது அந்த உரசல், அதற்குள் நெருப்பு! ஒரு விரல்கடைக்கே இப்படி என்றால், என் பெட்டி இதுவரை எத்தனை முழம் உரசியிருக்கும்? குனிந்து தரையைப் பார்த்தேன். தரையை மட்டும்தான் பார்த்தேன். அணையாத குச்சியை அவர் காலடியில் போட்டதும், துண்டின்மேல் பீடிச் சாம்பல் விழுந்ததும் தெரிந்தன. மாமாவின் நல்ல துண்டு அழுக்காகிறதே என்று சாம்பலைக் கையால் தட்டிவிட்டேன். உள்ளே கங்கு இருந்திருக்க வேண்டும், சுருக்கென்றது. விரலைச் சப்பிக்கொண்டு மறுபடி தரையைப் பார்த்தேன்.

மல்லாங்கிணறு தாண்டியிருப்போம். ஒரு திருப்பத்தில் ஆட்டு மந்தை. டிரைவர் அடித்த பிரேக்கில் நின்றவர்கள் எல்லாம் ஒரே ஆள் போல முன்னால் விழுந்தார்கள். பெரியவரின் பாதம் விலகியது. பெட்டி புறப்பட்டது. கர்ர்ர்ர்ர் என்று, அதுவரை கேட்காத நீளத்தில், முன் இருக்கையைத் தாண்டி, அதற்கும் முன் இருக்கையின் அடிக்கு. நான் பாய்ந்தேன். கால்களுக்கும் கூடைகளுக்கும் நடுவே தவழ்ந்துபோய்ப் பெட்டிமேல் குப்புற விழுந்து கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். வெடிக்கப்போகிறது. இதோ.

வெடிக்கவில்லை. அடியில் கையை விட்டுப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது. நம்பவில்லை. சூடு உள்ளே இருக்கும் என்று இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

"ஏ பிள்ள, எந்திரி! யார்ப்பா இந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வந்தது?" கண்டக்டர் கத்தினார். கட்டளையை மீறி ஒரு தடவை திரும்பினேன். பஸ்ஸின் கடைசியில், பின் படிக்கட்டுப் பக்கம், மாமா வெளியே கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், தன் வாழ்நாளில் கருவேல மரத்தையே கண்டிராதவர் போல. எவ்வளவு கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

"பெட்டியில என்னம்மா?"

"காராச்சேவு."

பஸ்ஸே சிரித்தது. பெரியவர்தான் அதிகம் சிரித்தார், வாயில் பீடியோடு. மிச்ச வழியெல்லாம் பெட்டியை மடியில் தூக்கி வைத்து, முகவாயை அதன்மேல் ஊன்றிக்கொண்டு வந்தேன். இழுக்கக் கூடாது, தூக்கத்தான் வேண்டும். இது ஏன் எனக்கு முதலிலேயே தோன்றவில்லை!

வீட்டில் அம்மா இலை போட்டு வைத்திருந்தாள். நான் நடந்துவந்த சிமெண்டுத் தரையில் குதிகால் பட்ட இடமெல்லாம் சிவப்பு.

"என்னடி இது காலு?"

பஸ் முடிந்துவிட்டது, இனி உண்மை சொல்லலாம். சொன்னேன், எல்லாவற்றையும், மூச்சுவிடாமல். வெடி, செருப்பு, ஆட்டு மந்தை. பெரியவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே காலால் பிடித்துக்கொண்டது. சாம்பலை நான் தட்டிவிட்டது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு கெட்டிக்காரி என்று சொல்வதற்கு வேண்டிய இடைவெளியையும் விட்டேன்.

அம்மா பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள். பின்கட்டுக்குப் போனாள். துணி துவைக்கிற தொட்டியில் பெட்டியை இறக்கி, அது மிதந்து மிதந்து வர, முழங்கை வரை உள்ளே விட்டு அமுக்கினாள். குமிழிகள் வந்துகொண்டே இருந்தன.

"யக்கா, என்னக்கா செய்யுற! பிள்ளைக்குன்னு பாத்துப் பாத்து எடுத்த சரக்கு." மாமா சிரித்தபடிதான் சொன்னார். நான் ஓவென்று அழுதேன். அத்தனை தூரம், ஒரு பொறிகூடப் படாமல் கொண்டுவந்தது.

அம்மா திரும்பாமல் கேட்டாள். "ஏலே, நீ எங்கன உக்காந்திருந்த?"

மாமாவின் சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றது. அவர் மாட்டிக்கொண்டார் என்று புரிந்தது, எதில் என்று புரியவில்லை. எனக்கு வெடி கொண்டுவந்த மனிதர். காப்பாற்ற வேண்டியது என் பொறுப்பு. அழுகையை நிறுத்திக்கொண்டு சொன்னேன்.

"மாமா தூங்கலம்மா. படிக்கட்டுக்கிட்டயே முழிச்சுக்கிட்டுதான் இருந்தாரு. எதுனாலும் சட்டுன்னு இறங்கிரலாம்ல."

மாமா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார். போட்ட இலை போட்டபடி கிடந்தது. சாப்பிட்டுப் போ என்று அம்மா சொல்லவில்லை.

சாயங்காலம் அம்மா என் பாதத்தை மடியில் வைத்துத் தேங்காயெண்ணெய் தடவினாள். மாமா ஏம்மா கோவிச்சுக்கிட்டுப் போனாரு, நான் நல்லதாத்தானே சொன்னேன் என்று கேட்டேன். அம்மாவின் விரல்கள் புண்ணின்மேல் நிலைகொள்ளாமல் நடுங்கிக்கொண்டே இருந்தன. தொட்டித் தண்ணீரில் அவ்வளவு நேரம் கையை வைத்திருந்தாளே, குளிரத்தான் செய்யும் என்று நினைத்து, அந்தக் கைகளை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.