குடும்பத்தோடு வந்து லைக் போடவும்

வெற்றிலை பாக்கு பரப்பிய தாம்பாளத்தில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் செல்போனையும் வைத்துக்கொண்டு ஜெயமணி போர்ட் பிளேரின் ஷாதிபூர் மேட்டில் வீடு வீடாக ஏறுகிறாள். யாருக்குக் கல்யாணம் என்று கேட்கிறார்கள்.

"கல்யாணம் இல்லக்கா. பேஸ்புக்குல எனக்குன்னு ஒரு பக்கம் தொறந்திருக்கேன். குடும்பத்தோட வந்து லைக்கு போட்டுக் குடுக்கணும்."

குங்குமம் கொடுத்த கையோடு அந்த வீட்டுப் போனை வாங்கித் தானே திறந்து, பக்கம் வரும்வரை உட்கார்ந்திருப்பாள். அந்தமான் நெட்டுக்கு அவசரம் தெரியாது. அது வருவதற்குள் டீ வந்துவிடும். சில வீடுகளில் தோசையே வந்துவிடும்.

பிறந்தது கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில். அப்பனோடு சேர்த்து அண்ணன் தம்பி மூன்று பேர், இலங்கை மலையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். மூத்தவர் அழகர்சாமி, நடுவில் இவள் அப்பன், கடைசி காத்தமுத்து. சுனாமி முடிந்து பத்து வருடம் ஆகிறது. மிஞ்சியவர்களோடு போர்ட் பிளேருக்கு வந்தவள், அபர்டீன் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். விரல் நகமெல்லாம் மெஷின் கறுப்பு. வீணாய்ப்போன தாள்களின் முதுகில் கதை எழுதி, கூட்டமில்லாத நேரத்தில் கடைக் கம்ப்யூட்டரில் அடித்து ஏற்றுவாள். யாராவது ரேஷன் கார்டை நீட்டினால், "ரெண்டு நிமிசம் இருங்கண்ணே, இங்க ஒருத்தி செத்துக்கிட்டிருக்கா, முடிச்சிட்டு வந்துர்றேன்" என்பாள்.

லைக் அவளுக்கு மொய் மாதிரி. "போட்டவங்களுக்குத் திருப்பிப் போடலன்னா நாளைக்கு மூஞ்சில எப்படி முழிக்கிறது?" கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தன் பூனையைப் போட்டாலும் பைக்கைப் போட்டாலும் இவள் லைக் உண்டு. மெயின்லேண்டு வாசகர் யாராவது 'அருமை' என்று எழுதினால், "சாப்டீங்களாண்ணே, அங்க மழை உண்டா" என்று பதில் போகும். வாசகர்களைப் பங்காளி, மாமன் மச்சான், முறை தெரியாதவர் என்று பிரித்தே வைத்திருக்கிறாள்.

முறை தெரியாதவர் பெருகியது மருதாயி பெரியம்மா கதைக்குப் பிறகுதான். அழகர்சாமியின் பெண்டாட்டி, சுனாமியில் கடலோடு போனவள். அந்தக் கதை கை மாறிக் கை மாறி மெயின்லேண்டு முழுக்கப் போனது. சென்னையிலிருந்து ஒரு பதிப்பகத்தார் போன் செய்து, "பக்கத்துல இன்னும் ஆள் சேரட்டும்மா, புத்தகமா போட்டுடலாம்" என்றார். அதற்குத்தான் இந்தத் தாம்பாளம்.

ஆனால் சொந்தத்திலேயே பெரிய கூட்டமான அழகர்சாமி பெரியப்பா வகையறாவில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மூத்தவர் இருக்க, வீடு பக்கமாயிற்றே என்று காத்தமுத்து சித்தப்பாவை முதலில் அழைத்தது தப்பாகிவிட்டது என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஹேடோவுக்குப் போனாள். அங்கே துறைமுகத்தில் வேலை பார்க்கும் மகனின் குவார்ட்டர்ஸில்தான் பெரியப்பா இருக்கிறார். தாம்பாளத்தை வைத்துவிட்டு அவர் காலில் விழுந்தாள்.

"எந்திரி புள்ள. முறை தப்புனது கெடக்குது." தாம்பாளத்தை அவர் தொடவில்லை. "ஓம் பக்கத்துக்கு ஆளு சேக்க எங்க வீட்டுச் சாவுதான் கெடச்சுதா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

அந்தக் கதை போனால் சென்னைக்காரரும் போன மாதிரிதான்.

"எடுத்துர்றேன் பெரியப்பா."

போனைத் திறந்தாள். திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இரு. எடுக்கறதுக்கு முன்னாடி படி. எனக்கு எழுத்துத் தெரியாது. இவனுங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றானுங்க."

பக்கம் வந்ததும் படித்தாள். மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். மீன் வாங்கப் பெரியப்பா கரைக்கு இறங்கியது, கூடையோடு பெரியம்மா அவர் பின்னால் போனது, அவிழ்ந்துகொண்ட ஆட்டைக் கட்ட அவர் மட்டும் திரும்பியது, தண்ணீர் வந்தது.

"தப்பு," என்றார். "அவ எம் பின்னால வரல. முன்னால போனா. என்னிக்கும் முன்னாலதான் நடப்பா. தோட்டத்துக்கு வேலைக்குப் போறப்பயும் அப்படித்தான். மேஸ்திரி சிரிப்பான், 'அரே, ஒங்க வீட்ல ஆம்பள யாரு'ன்னு. மாத்து."

"மாத்திட்டா... கதை இருக்கலாமா பெரியப்பா?"

"மொதல்ல அவள முன்னால போடு."

மாற்றினாள். அந்த வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தாம்பாளத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு, மகனுடைய போனை நீட்டினார்.

"எங்க வைக்கணும்?"

அதில் தன் பக்கத்தைத் திறந்து லைக் இருக்கும் இடத்தைக் காட்டினாள். இடது கட்டைவிரலை அங்கே அழுத்தி, தோட்டத்துச் சம்பளப் பதிவில் கைநாட்டு வைத்தது போல ஓரத்திலிருந்து ஓரத்துக்கு உருட்டினார். சக்கரம் சுற்றி நிற்கும்வரை எடுக்கவில்லை.

"விழுந்துருச்சு பெரியப்பா."

விரலை எடுத்து, மையைத் துடைப்பது போலத் தலைமயிரில் துடைத்துக்கொண்டார்.