வைரஸ் கார்டின் மிச்சம்

அந்த நாட்களில் எங்கள் வீட்டுக் கணினியை எழுப்பினால் முதலில் முகங்காட்டுவது ஒரு சிவப்புப் பெட்டிதான். பாதுகாப்பு நின்றுவிட்டது, உடனே புதுப்பியுங்கள் என்று ஆங்கிலத்தில் கத்தும். மூடினால் தேநீர் குடித்து முடிப்பதற்குள் திரும்பவும் வந்து நிற்கும். இத்தனைக்கும் வைரஸைப் பிடிக்கவென்று போட்டிருந்த அந்த வைரஸ் கார்ட் மென்பொருளை நான் எப்போதோ அழித்துவிட்டிருந்தேன். ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் குரல் மட்டும் வீட்டில் கிடந்து கரைச்சல் கொடுத்தது.

நான் அப்போது முந்தல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் தட்டச்சு செய்து பென் டிரைவில் கொண்டுபோனால், என் பென் டிரைவைக் கண்டதுமே அலுவலகத்தில் இருப்பவர் முகத்தைச் சுளிப்பார். அவ்வளவு வைரஸ். புத்தளத்தில் புதிதாக ஒரு வைரஸ் கார்ட் வாங்கி வந்து போட்டேன். அது ஏறமாட்டேன் என்றது. இங்கே ஏற்கனவே வேறொன்று இருக்கிறது, முதலில் அதை அகற்று என்று அடம்பிடித்தது. இல்லாத ஒன்றை எப்படி அகற்றுவது என்று கணினியோடு நான் போட்ட சண்டையைப் பக்கத்து வீட்டார் கேட்டிருப்பார்கள்.

அந்தப் பழைய வைரஸ் கார்டைப் பற்றி உம்மாவுக்கு முன்னால் வாய் திறக்க முடியாது. அதற்குக் காரணம் இருந்தது.

நாட்டில் சண்டை முடிந்து பாதை திறந்ததும் வாப்பா மன்னாருக்குப் போனார். தொண்ணூறில் வடக்கிலிருந்து எங்கள் ஆட்களை வெளியேற்றியபோது உடுத்த உடுப்போடு விட்டுவந்த வீட்டைப் பார்க்கத்தான். உம்மாவுக்கு முழங்கால் வலி, அவர் போகவில்லை. வாப்பா படம் எடுக்க விடாத மனிதர். கல்யாண வீடுகளில் கெமராவைக் கண்டால் எழுந்து வெளியே போய்விடுவார். அந்தப் பயணத்தில் மட்டும், எங்கள் பழைய கிணற்றடியில் நின்று, எடுங்கள் என்று தானே சொன்னாராம். கூடப் போன உறவுக்காரர் படங்களைக் கொண்டுவந்து கணினியில் போட்டுத் தந்தார். பிறகு பார்ப்போம், பிறகு பார்ப்போம் என்று இருந்ததில், யாரும் சரியாகப் பார்க்கும் முன்னமே வாப்பா மவுத்தாகிவிட்டார்.

உம்மா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் வெளியே போகாமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. படத்தைக் காட்டவா என்று கேட்டேன். இப்போது வேண்டாம், இத்தா முடியட்டும், அன்றைக்கு ஆறுதலாக இருந்து பார்க்கிறேன் என்றார். அந்த நாளுக்காகவே அவர் அதை ஒதுக்கி வைத்திருந்தார்.

தம்பி கட்டாரில் வேலை. வாப்பாவின் ஜனாசாவை அடக்கும்போது அவனால் வந்து சேர முடியவில்லை. இத்தா முடியும் தறுவாயில்தான் லீவு கிடைத்து வந்தான். வாப்பாவின் படங்கள் இருக்கும் கணினியில் இவ்வளவு வைரஸா என்று பதறிப்போய், நல்லதொரு வைரஸ் கார்டைப் போட்டுக் கழுவித் துடைத்தான். அது என்னத்தையோ பிடித்து அழித்ததாகப் பெருமையாகச் சொன்னான். மறுநாள் இத்தா முடிந்து உம்மா குளித்து, வெள்ளையை மாற்றி, கணினிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தார். படங்கள் இருந்த ஃபோல்டரைக் காணவில்லை. டி டிஸ்க்கில் அது இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

தேடாத இடமில்லை. கடையில் கொடுத்துப் பார்த்தோம், போனது போனதுதான் என்றார்கள். உறவுக்காரரின் கெமராவிலும் இல்லை, அதில் வேறு யாருடைய கல்யாணமோ ஏறியிருந்தது. தான் அழிக்கவில்லை என்று தம்பி திரும்பத் திரும்பச் சொன்னான். உம்மா ஏசவில்லை. ஏசியிருந்தால் அவன் தப்பியிருப்பான். அந்தச் சாமானை வீட்டில் வைக்காதே என்று என்னிடம் மட்டும் சொன்னார். நானும் இருந்த கோபத்தில் வைரஸ் கார்டின் ஃபோல்டரைப் பிடித்து இழுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அகற்றுவதற்கு வேறு முறை உண்டு என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்?

தம்பி திரும்பிப் போனான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து தவறாமல் தொலைபேசி எடுப்பான். உம்மா ஸலாம் சொல்வார், சுகமா என்பார், அவன் அடுத்த வார்த்தையை எடுக்கும் முன், "இந்தா, ராத்தாட்ட குடுக்கிறன்" என்று தொலைபேசியை அக்காவான என் கையில் வைத்துவிட்டு, அடுப்பு வேலை இருப்பதுபோலக் குசினிக்குள் போய்விடுவார். ஒரு வருசமாக இதுதான் நடந்தது. எனக்கு இருவர் மேலும் எரிச்சல். நடுவில் நின்று தொலைபேசி பிடிக்கும் வேலை எனக்கு.

வினாத்தாள் அவசரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நானே பேச்சை எடுத்தேன். உன்னுடைய சாமான் செத்தும் சாகவில்லை, வழி சொல் என்றேன். அவன் உற்சாகமாகிவிட்டான். ஃபோல்டரை அழித்தால் போதாது, அது தன் துண்டுதுணுக்குகளை மறைவான இடங்களில் விட்டுவைத்திருக்கும், கணினி அவற்றை நமக்குக் காட்டாது, முதலில் மறைத்தவற்றைக் காட்டச் சொல்லவேண்டும் என்றான். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவன் சொன்ன இடங்களில் எல்லாம் அழுத்தினேன். இதைச் செய்தால் ஆபத்து என்று கணினி எச்சரித்தது. ஓம் கொடு என்றான், கொடுத்தேன். இனி ஒவ்வொரு டிஸ்க்காகத் திறந்து மங்கலாகத் தெரிகிறவற்றைப் பார், வைரஸ் கார்டின் பெயர் இருந்தால் அழி என்றான்.

டி டிஸ்க்கைத் திறந்தேன். நூறு தடவை பார்த்துச் சலித்த வெறும் இடத்தில், தண்ணீர் கூடிப்போன பாலைப் போல வெளிறி, ஒரு ஃபோல்டர் நின்றது. வைரஸ் கார்டின் பெயர் இல்லை. ஆங்கில எழுத்தில் வாப்பா மன்னார் என்று இருந்தது.

என் கை அழிக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

என்ன ராத்தா, என்ன என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான். திறந்தேன். கிணற்றடியில் வாப்பா. படம் படமாக வாப்பா. அவனிடம் சொன்னேன். மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்துத்தான் அவனுக்கு விளக்கம் சொல்ல வந்தது. வைரஸ் உண்மையான ஃபோல்டரை ஒளித்துவிட்டு, அதே பெயரில் தான் போய் நின்றிருக்கிறது. வைரஸ் கார்ட் அந்தப் போலியை மட்டும்தான் கொன்றிருக்கிறது. உண்மையானது அன்றிலிருந்து அதே இடத்தில்தான் இருந்திருக்கிறது.

"நான் அழிக்கல்ல ராத்தா. நான் சொன்னன்தானே."

"ஓம். நீ அழிக்கல்ல," என்றேன். எனக்கு நெஞ்சில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது. சிரிப்பும் அழுகையுமாக உம்மாவைக் கூப்பிட்டேன்.

உம்மா மீன் கழுவிய கையோடு வந்தார். திரையைப் பார்த்தவர் கையைத் துடைக்கவும் மறந்து கதிரையில் உட்கார்ந்தார். வாப்பா கிணற்றுக் கட்டில் ஒரு கையை வைத்து, கெமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். உம்மா வெகுநேரம் பார்த்தார்.

"சாரத்தக் கோணலா உடுத்திருக்கிறார்," என்றார். "நான் கூடப் போயிருந்தா சொல்லியிருப்பன்."

தம்பி சொன்ன விளக்கத்தை நான் உம்மாவுக்குச் சொன்னேன். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. பிள்ளை அழிக்கவில்லை என்பது மட்டும் விளங்கியது. மேசையில் கிடந்த தொலைபேசியை எடுத்தார். வழக்கம்போல என்னிடம் நீட்டுவார் என்று நான் கையை நீட்டினேன். அவர் அதைக் காதில் வைத்தார்.

"மகன், சாப்பிட்டியா?"

பிறகு அவர் குசினிக்குப் போகவில்லை. வாப்பாவின் சாரத்தில் தொடங்கி, கிணறு, கிணற்றடி முருங்கை, அங்கே இப்போது யார் இருக்கிறார்கள், கட்டாரில் வெயில் எப்படி, மெலிந்துவிட்டாயா என்று கதை நீண்டுகொண்டே போனது. வைரஸ் கார்டின் மிச்சத்தை எங்கே அழிப்பது என்று எனக்குச் சொல்ல வேண்டியவன் உம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தான். தொலைபேசி என் கைக்குத் திரும்பி வரவேயில்லை. அந்தச் சிவப்புப் பெட்டி இன்னும் ஒரு கிழமை, அடுத்த வெள்ளி வரை, எங்கள் வீட்டில் கத்திக்கொண்டிருந்தது, யாரும் அதை ஏசவில்லை.