ஒரே கட்டையில் வாசித்தவன்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் அரைமணி நேரம்கூட ஆகாது. அந்தக் கொஞ்ச நேரத்தையும் என்னால் உட்கார்ந்து கடக்க முடிந்ததில்லை. இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு கையின் விரல்கள் முன் இருக்கையின் முதுகில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருமுறை தக்காளிக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"எய்யா, எந்தலைக்குப் பின்னால என்னத்தப் போட்டு உருட்டுத?"

"கீபோர்டு பழகுதேன்."

"அது எங்க இருக்கு?"

"கடையில இருக்கு."

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கடை என்று நான் சொன்னது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையின் மாடியில் இருந்த கேசட் கடையை. கேட்ட பாட்டைப் பதிவு செய்து தருவார்கள். அதை நடத்தியவரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். கல்யாண வரவேற்புக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் பாடப் போகும் ஓர் இன்னிசைக் குழுவும் அவரிடம் இருந்தது. சிங்கப்பூரிலிருந்த அவருடைய தம்பி ஒரு பெரிய கீபோர்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதற்குள்ளேயே இருந்த மாதிரிப் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டுவதைத் தவிர வேறெதுவும் யாருக்கும் அதில் செய்யத் தெரியவில்லை. நான் காலி கேசட் வாங்கப் போன அன்று பாய் என் சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.

"தம்பி காலேஜா? இங்கிலீசு தெரியுமா?"

"பிசிக்ஸ் படிக்கேன் பாய்."

"அப்ப இந்தா, இந்தப் புத்தகத்தப் படிச்சு இந்தச் சனியன் என்ன சொல்லுதுன்னு எனக்குச் சொல்லு."

இப்படித்தான் நான் இசைக்குள் வந்தேன். குரு கிடையாது, சுரம் எழுதத் தெரியாது. கருவியோடு வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். கீழே பால் சுண்டும் வாசனையும் வெக்கையும் மாடிப்படி வழியே ஏறி வரும். சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். நின்றபடியே படிப்பேன், நின்றபடியே வாசிப்பேன். கையேட்டில் நான் கண்டுபிடித்த பெரிய விஷயம் ஒரு பட்டன். நான் ஒரு கட்டைச் சுருதியில் வாசித்தாலும், அந்தப் பட்டனை வேண்டிய அளவு தட்டிவிட்டால் போதும், கருவி அதைப் பாடுகிறவரின் கட்டைக்கு ஏற்றித் தந்துவிடும். பாய் என்னைக் குழுவில் சேர்த்துக்கொண்டார். அதில் பாடிய அக்கா கூமாப்பட்டிக்காரர். அவர் பாடும் சுருதி நாலரைக் கட்டை. வேறு வாத்தியக்காரர்கள் வருடக்கணக்கில் விரல் தேயப் பழகுவதை நான் ஒரு பட்டனில் முடித்துவிட்டேன். எல்லாப் பாட்டுக்கும் என் விரல் ஒரே வெள்ளைக் கட்டைகள்மேல்தான் நடக்கும்.

"படிச்ச புள்ளன்னா படிச்ச புள்ளதான்" என்றார் பாய். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த நாட்களில்தான் அவருடைய தம்பி இன்னொரு முறை வந்தபோது ஒரு கேசட் கொண்டுவந்தார். பாட்டே இல்லை. பேஸ் சத்தம் நெஞ்சுக்குள் இடிக்க, அதன்மேல் கண்ணாடிச் சில்லு மாதிரிச் சின்னச் சின்ன ஒலிகள் வந்து வந்து போயின. யார் வாசித்தது என்று கேட்டேன். கொரியாவில் பிறந்து சின்ன வயதில் பெற்றோரோடு அமெரிக்கா போன ஒரு பையன், தன் அறையில் தனியாக இரண்டு மூன்று மெஷின்களை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தானே செய்கிறான் என்றார். அட்டையில் பெயர் இல்லை. யாரோ யாரிடமிருந்தோ பதிவு செய்தது. அவர் சொன்னது எவ்வளவு உண்மையென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் அந்தப் பையன் என் தலைக்குள் குடியேறிவிட்டான். அவன் அப்பா ஒரு கடையில் வேலை பார்ப்பார் என்று வைத்துக்கொண்டேன். வீட்டில் ஒரு பாஷை, தெருவில் ஒரு பாஷை. பரீட்சைக்குப் படிக்கச் சொல்லி அவன் அம்மா கதவைத் தட்டுவார். அவன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தாளத்தை அடுக்கிக்கொண்டிருப்பான். முதலில் தெரிந்தவர்கள் விருந்தில் வாசித்திருப்பான், பிறகு கிளப்புகளில், பிறகு ஒரு கேசட், பிறகு ஊர் ஊராக. பேருந்தில் நிற்கும்போதெல்லாம் அவன் வாழ்க்கையை நான் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே போனேன். ஒரே ஆள், ஒரு மெஷின், அதிலிருந்து முழு இசை. எனக்கு வேண்டியதும் அதுதான்.

வீட்டில் அது எடுபடவில்லை. அப்பா நூற்பாலையில் நூல் முறுக்கும் ரிங் பிரேம் மெஷினைப் பார்த்தவர். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அந்த இரைச்சலிலேயே நின்றதால் காது மந்தமாகிவிட்டது. பஞ்சுத் தூசியில் நெஞ்சும் கெட்டு, இருமத் தொடங்கினால் சுவரைப் பிடித்துக்கொள்வார். அம்மா இறந்தபின் என் தங்கை எட்டாம் வகுப்போடு நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். ஒருநாள் கீபோர்டைக் கடன் வாங்கிக்கொண்டு வந்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தாளப் பட்டனைத் தட்டியதும் அது தானாக ஓடியது. அவர் என் கையையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதுவா வாசிக்கி. பொறவு நீ என்னத்துக்குலே?"

எங்கள் வீட்டில் எதையும் கத்தித்தான் பேச வேண்டும். "அது தாளம் மட்டும்தாம்ப்பா! மத்தது நான்!" என்று கத்தினேன். அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

தங்கை அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "அடுப்புக்கும் இப்படி ஒரு பட்டன் இருந்தாச் சொல்லுண்ணே, நானும் கச்சேரிக்கு வாரேன்."

நான் பட்டம் முடித்த வருடம் அப்பாவின் இருமல் அதிகமானது. உடம்புக்கு முடியாமல் விலகும் தொழிலாளிக்குப் பதிலாக வாரிசை எடுத்துக்கொள்ளும் வழக்கம் மில்லில் இருந்தது. புது மெஷின்கள் வரப்போகின்றன, ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. வருகிற திங்கட்கிழமை வாரிசைக் கூட்டிக்கொண்டு வந்தால் உண்டு, இல்லாவிட்டால் அந்த இடம் போய்விடும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். நான் சேர்ந்தால் அவர் மூச்சு விடலாம். சேர்ந்தால் என் கை நூலுக்குத்தான்.

அதே வாரம் பாய் ஒரு சேதி சொன்னார். மதுரையில் பக்திப் பாட்டுக் கேசட் போடுகிற ஒருவர், வாத்தியக்காரர்கள் கூட்டம் வேண்டாம், கீபோர்டில் ஒரே ஆளாக எல்லாவற்றையும் செய்கிறவர் வேண்டும் என்று தேடுகிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் வாசிக்கும் கல்யாண வரவேற்புக்கு அவர் வருகிறார். பிடித்துவிட்டால் மாதச் சம்பளம்.

அப்பாவிடம் சொன்னேன். அவர், "ஞாயித்துக்கெழம நானும் வாரேன். அந்தாளு உன்னக் கூப்பிட்டா மில்லு வேண்டாம். கூப்பிடலன்னா திங்கக்கெழம என்கூட வந்துரணும்" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன்.

மண்டபத்தில் அப்பாவும் தங்கையும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். மதுரைக்காரர் ஓரமாகக் கையில் காபியோடு நின்றார். முதல் மூன்று பாட்டும் நன்றாகப் போயின. நான் ஓடவிட்ட தாளத்துக்கு மாப்பிள்ளையின் தோழர்கள் ஆடவே ஆரம்பித்துவிட்டார்கள். நான்காவது பாட்டின் நடுவில் மின்சாரம் போனது.

எங்கள் பக்கத்துக் குழுக்களில் ஒரு பழக்கம் உண்டு. மின்சாரம் போனால் பாட்டை நிறுத்தக் கூடாது. மைக் இல்லாவிட்டாலும் பாடுகிறவர் குரலை உயர்த்திப் பாடிக்கொண்டிருக்க, தபலாக்காரர் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஜெனரேட்டர் ஓடியதும் மற்றவர்கள் அப்படியே சேர்ந்துகொள்வார்கள். அதற்குத்தான் கைதட்டல் விழும். அக்கா இருட்டில் நின்று பாடினார். சபை அமைதியாகிக் கேட்டது. ஜெனரேட்டர் உறுமியது, விளக்கு வந்தது. மதுரைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு கைகளாலும் இடையிசையை முழுச் சத்தத்தில் அடித்தேன்.

அணைந்து எழுந்த மெஷின் நான் பட்டனில் ஏற்றி வைத்திருந்ததையெல்லாம் மறந்திருந்தது. அது ஒரு கட்டையில் நின்றது. அக்கா நாலரைக் கட்டையில் நின்றார்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? பந்தியில் பாத்திரம் உருண்ட மாதிரி என்று பாய் பின்னால் சொன்னார். நான் பதறிப்போய்ப் பட்டனைத் தட்டத் தட்ட, ஒவ்வொரு தட்டுக்கும் கருவி ஒரு படி ஏறி ஊளையிட்டது. குழந்தைகள் சிரித்தன. அக்கா பாட்டை விடாமல் என்னைத் திரும்பிப் பார்த்து, கட்டைகளிலிருந்து கையை எடு என்று கண்ணாலேயே சொன்னார். எடுத்துவிட்டேன். அவரும் தபலாவுமாகப் பாட்டை முடித்தார்கள்.

சாப்பாட்டுக்கு முன் மதுரைக்காரர் மேடையருகே வந்தார். கோபமில்லாமல்தான் கேட்டார்.

"தம்பி, அந்தப் பட்டனத் தொடாம நாலரைக் கட்டையில அதே பாட்ட வாசிங்க, பாப்போம்."

கறுப்புக் கட்டைகள்மேல் விரலை வைத்தேன். அவற்றை அதுவரை நான் அலங்காரத்துக்கு மட்டுமே தொட்டிருந்தேன். முதல் வரியிலேயே விரல்கள் ஒன்றில் ஒன்று இடித்து நின்றன.

"தாளம் நல்லாப் போடுதீங்க, காது இருக்கு. கை இல்ல" என்றார். "எல்லாக் கட்டையும் கைக்கு வரட்டும். ஆறு மாசம் கழிச்சு மதுரைக்கு வாங்க, மறுபடி கேக்கேன்." பாயிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

திரும்பும் பேருந்தில் அப்பா என் தோளைத் தட்டினார். "நல்லாத்தான இருந்துச்சு? நடுவுல டொய்ங்குன்னு ஒண்ணு வந்துச்சே, அது எனக்கே கேட்டுச்சு." பேருந்து முழுவதும் கேட்கும்படி சொன்னார். அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்த விதம் அது. பிறகு, "காலையில வெள்ளச் சட்ட போட்டுக்கோ" என்றார். கொடுத்த வாக்கு. நான் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். விரல்கள் அசையவே இல்லை.

திங்கட்கிழமை விடிந்தபோது நான் வெள்ளைச் சட்டையில் தயாராக இருந்தேன். தங்கையும் தலை சீவி, நல்ல சேலை கட்டி, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ எங்கட்டி கெளம்பிட்ட?" என்றார் அப்பா.

"மில்லுக்கு!"

"மில்லுக்கு எதுக்கு?"

"வேலைக்கு! வாரிசுன்னுதான கேட்டாவ? அண்ணனுக்கு ஒரு எடத்துல நிக்க வராது. பிரேம்ல விட்டா தாளம் போட்டுக்கிட்டே கைய உள்ள விட்டுருவான். எனக்கு நிக்க வரும். இம்புட்டு வருசமா அடுப்பு முன்னாலதான நிக்கேன்?"

எங்கள் மூவரில் யாரும் அதுவரை அவளை வாரிசு என்று நினைத்ததில்லை. அவளைத் தவிர. நூல் சுற்றும் வைண்டிங் பகுதியில் பெண்கள் வேலை பார்ப்பது ஊருக்கே தெரியும். படித்த எனக்கும் தெரியும்.

"ஊரு என்ன சொல்லும்?" என்றார் அப்பா.

"ஊரு சொல்லுதது உனக்குத்தான் கேக்காதே!"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் அவளைத் தனியே இழுத்து, "நான் கேட்டேனா? எனக்காக ஒண்ணும் நீ போக வேண்டாம்" என்றேன்.

"உனக்காகன்னு யாரு சொன்னா? என் பேருல சம்பளம் வரும், அதுக்குப் போறேன். நீ அழுது தொலைச்சிராத. சட்டையக் கழட்டிட்டு உலைய வையி."

மில்லில் அதிகாரி காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வாரிசு என்றுதான் இருக்கிறது, பையன் என்று இல்லை என்றாராம். அன்றைக்கே பகல் ஷிப்டில் வைண்டிங்கில் நிறுத்திவிட்டார்கள். அப்பா தனியாக வீட்டுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் என்ன செய்வதென்று தெரியாதவராக வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். நான் உலை வைத்தேன், சோற்றைக் குழைய விட்டேன். பிறகு பேருந்து பிடித்துப் போய்ப் பாயிடம் கெஞ்சி, கச்சேரி இல்லாத நாட்களுக்கு மட்டும் என்று கீபோர்டை வாங்கி வந்தேன். கட்டை ஏற்றும் அந்தப் பட்டன்மேல் பிளாஸ்திரி ஒட்டினேன்.

ஆறு மாதம் என்று மதுரைக்காரர் சொன்னது எனக்கு ஒரு வருடமானது. இப்போது மதுரையில் ஒரு சின்ன அறையில் தனியாக நின்றுகொண்டு கேசட்டுகளுக்கு இசை செய்கிறேன். முழு இசையும் ஒரே ஆள்தான். ஆனாலும் என் தொழில் எங்கே தொடங்கியது என்று யாராவது கேட்டால், அந்தத் திங்கட்கிழமை சாயங்காலத்தைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

அவள் ஆறு மணிக்கு வந்தாள். தலைமுடியில், புருவத்தில், சேலை மடிப்பில் எல்லாம் பஞ்சு. கால் வலி தாங்காமல் வந்ததும் தரையில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டாள். குழைந்த சோற்றை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். கைகழுவிவிட்டு, "சரி, வாசி, கேப்போம்" என்றாள். காது அடைத்துப்போயிருந்ததால் அவளும் கத்தியே பேசினாள்.

அன்று மிச்சப் பொழுது முழுக்கப் பழகியது ஒன்றே ஒன்றுதான். நாலரைக் கட்டையில், ஏற்றமும் இறக்கமும். மெதுவாக வாசித்தேன். இரண்டு இடத்தில் விரல் தவறியது. முடித்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"பாட்டு?"

"பாட்டு இன்னும் இல்ல. இது ஸ்கேலு."

அவள் என்னையும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுக்காண்ணே நான் போனேன்?"

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவள் எழுந்து போகவில்லை. பாதியில் விரல் தவறியபோது, சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தவள், "அங்கதான் தப்பு, திரும்பப் போடு" என்றாள்.