அடை வைத்த முட்டைகள்

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து சொந்த ஊரான பாப்பாமோட்டைக்குத் திரும்பி வந்தபோது எனக்குப் பத்து வயது. புதிய பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கச் சொன்னால் நான்தான் முதல் ஆள். கெட்டித்தனத்தால் அல்ல, உயரக் குறைவால். எனக்கோ வலைப்பந்து அணியில் சேரக் கொள்ளை ஆசை. அணியைப் பழக்கிய ஆசிரியை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வளர்ந்திட்டு வாம்மா" என்றார். கடைக்குப் போய்விட்டு வா என்பதுபோல அவ்வளவு லேசாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா பதறவில்லை. "பெரியபிள்ளையானா நீ கிடுகிடெண்டு வளருவாய். அப்ப குடுக்கிற முட்டையும் நல்லெண்ணெயும் உளுத்தங்களியும் சும்மாவே?" என்றார். முகாமில் அக்கா வயதுக்கு வந்து பெரியபிள்ளையானபோது அந்தச் சாப்பாடு எதையும் கொடுக்க வழியிருக்கவில்லை. அது அம்மாவின் மனதில் முள்ளாகவே கிடந்தது.

மீள்குடியேற்ற உதவியாகக் கிடைத்த கோழிகள் முட்டையிடத் தொடங்கின. அம்மா ஒன்றையும் சமையலுக்கு எடுக்க விடவில்லை. எல்லாவற்றையும் அடை வைத்தார். குஞ்சுகள் பெருகினால், எனக்கு வேண்டிய நேரத்தில் முட்டைக்குப் பஞ்சம் வராது என்பது அவருடைய யோசனை. அந்த வருடம் முழுக்கச் சோறும் சொதியும்தான். முற்றம் நிறையக் கோழி, என் சோற்றுக் கோப்பையில் மட்டும் முட்டை இல்லை. என் சட்டை முழங்காலுக்கு மேல் ஏறிக் கட்டையானபோதுகூட, தோய்த்துச் சுருங்கிவிட்டது என்றுதான் அம்மா சொன்னார்.

பிறகு நான் பெரியபிள்ளையானேன். காலையில் பச்சை முட்டை, குடித்து முடித்ததும் அதே கோதில் நல்லெண்ணெய். குமட்டக் குமட்ட விழுங்கினேன். மாதங்கள் போயின. ஆசிரியை கேட்ட உயரம் வரவில்லை. தாய் பிள்ளைகளைப் பார்க்க எங்கள் பக்கத்துக்கு வரும் மருத்துவமாதுவிடம் அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனார்.

அவர் அளந்து பார்த்தார். "பிள்ளை சுகமாத்தான் இருக்கிறா. நீங்களும் கட்டைதானே, அதுவும் ஒரு காரணம். இனியும் கொஞ்சம் வளருவா. ஆனா பொம்பிளைப் பிள்ளையள் கனக்க வளருறது பெரியபிள்ளையாகிறதுக்கு முந்தித்தான். நல்ல சாப்பாடு அந்த நேரம் கட்டாயம் வேணும்."

"அப்ப இந்த முட்டையெல்லாம்?" என்று அம்மா கேட்டார்.

"குடுங்கோ, நல்லதுதான். முந்தியே குடுத்திருந்தா இன்னும் நல்லம்."

திரும்பும்போது அம்மா எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அதை யாரிடம் காட்டுவது? தனக்கென்று ஒரு முட்டை உடைத்துத் தின்னாத மனுசியோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

வீட்டுக்கு வந்ததும் அம்மா அடுப்பை மூட்டி முட்டை பொரித்தார். நான் தின்னத் தின்ன, அடுத்ததைக் கோப்பையில் போட்டார். "சாப்பிடு பிள்ளை" என்றார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வயிறு நிறைந்துவிட்டது. ஆனாலும் அடுத்த முட்டைக்குக் கோப்பையை நீட்டினேன்.